நாலாவது பூட்டு

கௌசி: ...அப்ப ரோட்டே இல்லையா அப்பா? ஒரு மண் ரோட் கூடவா?

அருள்நாயகம்: இல்லை எண்டுறன் பிள்ளை. கனடாவிலை, பிறம்ரனிலை இருந்து இருபத்தாறு வருசம் ட்றக் ஓடினவன் நான். பனியிலை ஓடியிருக்கிறன், மலையிலை ஓடியிருக்கிறன். ஆனா அந்தக் கோபிப் பாலைவனத்திலை, முதல்நாள் வான் வண்டிக்குள்ளை கையாலை சீற்றை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்.

ஜெயமலர்: கை இல்லை, கால். இல்லாத பிறேக்கை மிதிச்சுக்கொண்டெல்லோ வந்தவர்.

அருள்நாயகம்: ஓம், மிதிச்சனான். ஆர்தான் மிதிக்காமல் இருப்பினம்? நாலு பக்கமும் ஒரே மாதிரி. மரம் இல்லை, கம்பம் இல்லை, ஒரு போர்ட் இல்லை. அந்த மொங்கோலியன் ட்றைவர், டோர்ஜ், ஒரு கையாலை ஸ்ரியறிங்கைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை சூரியகாந்தி விதை கொறிக்கிறான்...

கௌசி: ஜிபிஎஸ்?

அருள்நாயகம்: அதைத்தான் நானும் கேட்டன். நீ ட்றிப் புக் பண்ணேக்கை உன்னோடை கதைச்ச அந்தக் கைட் பிள்ளை, ஓயுனா, அவள் அவனுக்கு அதைச் சொன்னாள். அவன் சிரிச்சுப்போட்டுத் தூரத்திலை ஒரு மலையைக் காட்டினான். மலைகூட இல்லை, நீலமா ஒரு நிழல். பேந்து கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியிலை நீட்டிக் காத்தை மணந்தான். மணந்துபோட்டு வானை இடப்பக்கம் வெட்டினான். நூற்றியம்பது கிலோமீற்றர். நேராப் போய் ஒரு கிணத்தடியிலை நிப்பாட்டினான்.

கௌசி: சும்மா சொல்லாதேங்கோ. மணந்தா?

ஜெயமலர்: உண்மைதான். நானும் பாத்துக்கொண்டு இருந்தனான்.

அருள்நாயகம்: வானாலை இறங்கி அந்த மனுசனுக்குக் கை குடுத்தன். வேறை என்ன செய்யிறது? கும்பிட்டிருப்பன், கொம்மா பக்கத்திலை நிண்டபடியால் விட்டிட்டன்.

கௌசி: ஓகே, ஓகே. ஆனா கதையைச் சொல்லிச் சொல்லி அந்தச் சூட்கேஸைப் பின்னாலை தள்ளாதேங்கோ. வந்து ரெண்டு நாளாச்சு. உடுப்புத் தோய்ச்சுத் தருவம் எண்டு யூனியன்வில்லிலை இருந்து இஞ்சை ரூஜுக்கு வந்திருக்கிறன். இன்னும் ஒண்டும் திறக்கேல்லை.

அருள்நாயகம்: களைப்பு பிள்ளை. நாளைக்குத் திறக்கலாம்.

ஜெயமலர்: திறக்கட்டும். ஆட்டு மணமும் புகை மணமும் அறை முழுக்க நிக்குது.

அருள்நாயகம்: அந்த மணத்திலை என்ன குறை? நான் இப்பவும் நித்திரையாலை எழும்பேக்கை அந்தப் புகையைத்தான் தேடுறன்.

கௌசி: நித்திரையா? அப்பா நித்திரையே கொள்ளேல்லை எண்டு அம்மா சொன்னா.

அருள்நாயகம்: ...நேர மாத்தம். பன்ரெண்டு மணித்தியால வித்தியாசமெல்லோ.

ஜெயமலர்: ஓம். நேர மாத்தம்தான்.

கௌசி: அம்மா, உங்களுக்கு எது பிடிச்சது? அப்பாவையே கதைக்க விட்டால் டோர்ஜோடை நிண்டிடுவார்.

ஜெயமலர்: எனக்கு... சத்தமில்லாதது.

கௌசி: மீனிங்?

ஜெயமலர்: இஞ்சை பின்பக்கத்தாலை நானூற்றியொண்டு ஹைவே இரவுபகலா இரையுது. கேட்டுக் கேட்டு அது எங்களுக்குக் கேக்கிறதே இல்லை. அங்கை ரெண்டாம் நாள் விடியக் கூடாரத்துக்கு வெளியிலை வந்து நிண்டன். ஒண்டும் கேக்கேல்லை. காது செவிடாப் போச்சோ எண்டு தட்டிப் பாத்தன். பேந்துதான் கேட்டது... என்ரை நெஞ்சு அடிக்கிறது. வெளியாலை ஆரோ உரலிலை இடிக்கிற மாதிரி.

அருள்நாயகம்: எனக்கு வந்து சொன்னவ. நானும் போய்ப் பக்கத்திலை நிண்டன். அவ்வளவு வானத்துக்குக் கீழை ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்காமல் அரை மணித்தியாலம் நிண்டம். கலியாணம் கட்டின நாள் துவக்கம் அப்பிடி நிண்டதில்லை.

ஜெயமலர்: கதைக்காமல் நிண்டது எண்டால் முதல்தரம்தான்.

கௌசி: அவ்... ஸ்வீற். இந்தா, இந்தச் சூட்கேஸைத் திறக்கிறன். அப்பா, பூட்டின்ரை திறப்பு?

அருள்நாயகம்: அங்கத்தைப் பெண்டுகளுக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும் தெரியுமோ பிள்ளை? முன்னூறு ஆடு. ஒரு கிழமை ஒரு வீட்டிலை நிண்டனாங்கள். பின்னேரம் ஆடு எல்லாம் திரும்பி வர, அந்தப் பெண் வாசல்லை நிண்டு முகத்தைப் பாக்கிறாள். எண்ணுறேல்லை. முகத்தை. பாத்துப்போட்டு, ஒண்டு வரேல்லை எண்டாள். எது எண்டு கேட்டால் அதின்ரை தாய் இது, தாயின்ரை தாய் போன மாரிக்குச் செத்தது எண்டு வம்சத்தையே சொல்லுறாள்.

ஜெயமலர்: எங்கடை கலியாண வீட்டுப் படத்திலை இவருக்கு என்ரை சித்தி ஆர், பெரியம்மா ஆர் எண்டு இண்டைக்கும் தெரியாது.

கௌசி: அப்பா. திறப்பு.

அருள்நாயகம்: ...இந்தா.

கௌசி: தாங்க் யூ. இது நான் வாங்கித் தந்த செற்தானே? நாலு பூட்டு, எல்லாத்துக்கும் ஒரே மாதிரித் திறப்பு. அப்பாக்கு ஒண்டு, அம்மாக்கு ஒண்டு. நான் ஒரு ஜீனியஸ்.

ஜெயமலர்: என்ரை திறப்பைக் கழுத்துச் சங்கிலியிலை ஊசி குத்தி வைச்சிருந்தனான்.

அருள்நாயகம்: அதைத் துலைக்காமல் கொண்டுவந்ததே பெரிய விசயம். கொம்மா அங்கை ஜக்கற்றைத் துலைச்சவ, தெரியுமோ?

கௌசி: எந்த ஜக்கற்?

அருள்நாயகம்: நீலம். தொப்பியிலை மயிர் வைச்சது.

கௌசி: அம்மா. அது நான் முதல் சம்பளத்திலை வாங்கித் தந்தது.

ஜெயமலர்: எங்கையோ தங்கின காம்பிலை விட்டிட்டன் பிள்ளை. மன்னிச்சுக்கொள்.

அருள்நாயகம்: எங்கை விட்டனீர் எண்டு எத்தினை தரம் கேட்டனான். தெரியாதாம். பேந்து ஒரு சால்வையைச் சுத்திக்கொண்டு குளிருக்குள்ளை ஒன்பது நாள்.

ஜெயமலர்: சால்வை காணும் எனக்கு.

கௌசி: ஓகே... இது ஒரு பூட்டு. ரெண்டு. கைப்பையிலை மூண்டு. இந்தச் சின்னச் சூட்கேஸிலை பூட்டு இல்லையே? இது ஆற்றை?

அருள்நாயகம்: என்ரை.

கௌசி: பூட்டில்லாமலோ வந்தது? அருள்நாயகத்தின்ரை சூட்கேஸ்? ட்றைவ்வேயிலை நிக்கிற காருக்கு ஸ்ரியறிங் பூட்டு, திறப்பைத் தகரப் பேணிக்குள்ளை ஒளிக்கிறது, பின் கேற்றுக்குச் சங்கிலி, பேஸ்மன்ற் ஃபிரிட்ஜுக்கும் பூட்டு...

அருள்நாயகம்: கீழை வாடகைக்கு இருந்த பொடியள் அந்த ஃபிரிட்ஜிலை இருந்த என்ரை மீனைச் சமைச்சவங்கள்.

கௌசி: அதுதான் கேக்கிறன். நாலாவது பூட்டு எங்கை?

அருள்நாயகம்: ...பிளேன் மாறேக்கை எங்கையாவது உடைச்சு எடுத்திருப்பாங்கள்.

கௌசி: உடைச்சால் ஸிப்பிலை காயம் இருக்கும். ஒண்டும் இல்லையே.

அருள்நாயகம்: பூட்டு உடைக்கிறவனுக்குக் காயமில்லாமல் உடைக்கத் தெரியும். ஊரிலை எங்கடை மீசாலை வீட்டிலை செய்யேல்லையோ? அம்மா ஐயா கொழும்பிலை நிண்ட நேரம் பாத்து முன்கதவுப் பூட்டை உடைச்சு, கடைசியிலை கதவு நிலையும் இல்லை. பூட்டை உடைச்சுக்கொண்டு அடுத்தவன் வீட்டுக்குள்ளை வாறவன் மனுசப் பிறவியே இல்லை. நான் எப்பவும் சொல்லுறது...

ஜெயமலர்: தெரியும். கனதரம் கேட்டாச்சு.

கௌசி: சரி, பூட்டை விடுங்கோ. அம்மா, அண்டைக்குப் போனிலை சொன்னீங்களே, மண் புயல் எண்டு. அதைச் சொல்லுங்கோ.

அருள்நாயகம்: அது பெரிசா ஒண்டும் இல்லை.

ஜெயமலர்: பெரிசா இல்லையோ? பிள்ளை, அஞ்சாம் நாள் மத்தியானம். ஆகாயம் நல்ல வெளிச்சம். டோர்ஜ் திடீரெண்டு விதை கொறிக்கிறதை நிப்பாட்டினான். ரெண்டு கையாலையும் ஸ்ரியறிங்கைப் பிடிச்சான். மேற்குப் பக்கம் பாக்கிறம், நிலத்திலை இருந்து வானம் மட்டும் மண்ணிறத்திலை ஒரு சுவர். அது நடந்து வருது.

கௌசி: ஓ மை கோட்.

ஜெயமலர்: பயமாயும் கிடந்தது, அதைவிட்டுக் கண்ணை எடுக்கவும் முடியேல்லை. கடவுள் எழும்பி வாறமாதிரி எண்டுதான் நினைச்சன். டோர்ஜ் அதுக்கு முன்னாலை ஓட்டு ஓட்டெண்டு ஓட்டி, ஒரு வீட்டடியிலை கொண்டுவந்து நிப்பாட்டினான். ஒரே ஒரு வீடு. வெள்ளைக் கம்பளிக் கூடாரம், வட்டமா, செம்மஞ்சள் பெயின்ற் அடிச்ச மரக்கதவு. ஒரு மனுசரும் இல்லை.

அருள்நாயகம்: தெற்குப் பாத்த வாசல். அங்கை எல்லா வீடும் தெற்குப் பாத்ததுதான். எங்கடை ஆக்கள் ஒருத்தரும் வாங்காயினம்.

ஜெயமலர்: கதவிலை கொளுக்கி இருந்தது, பூட்டு இல்லை. பூட்டுப் போடுற இடத்திலை ஒரு சின்னத் தடி செருகிக் கிடந்தது. காத்துக்குக் கதவு அடிக்காமல். ஓயுனா தடியை இழுத்துப்போட்டு, உள்ளுக்குப் போங்கோ எண்டாள்.

அருள்நாயகம்: நான் போகமாட்டன் எண்டனான். ஆரெண்டு தெரியாத ஆக்களின்ரை வீடு. கேக்காமல் எப்பிடி?

ஜெயமலர்: அதுக்கிடையிலை மண் முதுகிலை அடிச்சது. பேந்து முதல் ஆளா உள்ளுக்குப் பாய்ஞ்சவர் இவர்.

கௌசி: உள்ளுக்கு என்ன இருந்தது?

அருள்நாயகம்: ...எல்லாம். பிள்ளை, எல்லாம் இருந்தது. நடுவிலை அடுப்பு. அடுப்புக்குள்ளை காஞ்ச சாணி வறட்டி அடுக்கி, மேலை சுள்ளி வைச்சு, பக்கத்திலை நெருப்புப்பெட்டி. நெருப்பைத் தட்டினால் சரி. ஒரு கிண்ணத்திலை காஞ்ச தயிர்க்கட்டி, தேயிலை, உப்பு, ஒரு கான் தண்ணி. கட்டிலிலை போர்வை மடிச்சுக் கிடக்கு. அவை எங்கையோ ஒட்டகம் தேடிப் போயிட்டினமாம். வீட்டைத் திறந்து வைச்சு, வாற ஆருக்கோ அடுப்பையும் அடுக்கி வைச்சுப்போட்டுப் போயிருக்கினம்.

கௌசி: ஆருக்கு?

அருள்நாயகம்: ஆருக்கெண்டு இல்லை. அதுதான் சொல்லுறன். ஆருக்கோ. அண்டைக்கு அது நாங்கள். என்ரை வயசுக்கு நான் எத்தினை வீடு கண்டிருப்பன்... அப்பிடி ஒண்டை நினைச்சும் பாத்ததில்லை.

ஜெயமலர்: மூண்டு மணித்தியாலம். வெளியிலை உலகம் இல்லை, மண் மட்டும். கூடாரத்தின்ரை கயிறெல்லாம் முனகுது. உள்ளுக்குத் தேத்தண்ணி கொதிக்குது. கிளம்பேக்கை ஓயுனா தேத்தண்ணிக் கோப்பையெல்லாம் கழுவி, திருப்பி வறட்டி அடுக்கி, நாங்கள் கொண்டுபோன இனிப்புப் பெட்டியை வைச்சாள். பேந்து வானிலை வரேக்கை சொன்னாள், அங்கை மாரியிலை...

அருள்நாயகம்: காணும். பிள்ளைக்குப் பசிக்கும். ஏதாவது சாப்பிடுவம்.

கௌசி: இப்பதான் சாப்பிட்டனாங்கள். வெயிற், என்ரை போன்... ஓ, ஓயுனாதான். வட்ஸ்அப்பிலை. அங்கை இப்ப விடிய ஏழு மணியாக்கும்.

அருள்நாயகம்: என்னவாம்?

கௌசி: நீங்கள் சுகமா வந்து சேந்தீங்களோ எண்டு கேக்கிறா. பிறகு... "அண்டைக்குப் புயலுக்கு ஒதுங்கின இடத்திலை நீங்கள் பிளேன் ஏறின அண்டே இன்னும் பெரிய புயல். ரெண்டு நாள், பனியும் சேந்து. ரெண்டு பேர் வெளியிலை மாட்டுப்பட்டிட்டினம். இப்ப டிறைவ் பண்ணுறன், பிறகு சொல்லுறன்."

அருள்நாயகம்: எந்த இடம்? திருப்பி வாசி.

கௌசி: "ஒதுங்கின இடத்திலை..."

அருள்நாயகம்: ரெண்டு பேருக்கும் என்ன நடந்தது?

கௌசி: போடேல்லை. டிறைவ் பண்ணுறாவாம். அப்பா, ஏன் உங்கடை முகம்... அப்பா? இருங்கோ. கட்டிலிலை இருங்கோ.

அருள்நாயகம்: கூப்பிடு. அவளைக் கூப்பிடு.

கௌசி: ...அடிக்குதில்லை. அங்கை சிக்னல் இல்லைப்போலை. என்ன அப்பா?

ஜெயமலர்: இஞ்சருங்கோ. பயப்பிடாதேங்கோ. ஒண்டும் நடந்திராது.

அருள்நாயகம்: உமக்கென்ன தெரியும். ...பிள்ளை, அந்த நாலாவது பூட்டு.

கௌசி: என்ன பூட்டு?

அருள்நாயகம்: அந்தக் கதவிலை கிடக்கு. நான் பூட்டிப்போட்டு வந்திட்டன்.

கௌசி: எந்தக் கதவு... வெயிற். அந்தக் கூடாரக் கதவையா?

அருள்நாயகம்: கடைசியா வெளியிலை வந்தது நான். அவையெல்லாம் வானடியிலை. திரும்பிப் பாத்தன். உள்ளுக்கு அந்தச் சனத்தின்ரை சோலார் பற்றரி, ரேடியோ, தையல் மிசின், பிள்ளையளின்ரை படம், பள்ளிக்கூடத்திலை கிடைச்ச மெடல்... எல்லாத்தையும் ஒரு தடியை நம்பி விட்டிருக்கினம். எங்களுக்கு இவ்வளவு செய்த வீடு. என்ரை ஜக்கற் பையுக்குள்ளை சூட்கேஸ் பூட்டு இருந்தது. தடியை இழுத்து எறிஞ்சுபோட்டுப் பூட்டைக் கொழுவினன். நல்லது செய்யிறன் எண்டு நினைச்சன் பிள்ளை. திறப்பை ஓயுனாவிட்டைக் குடுத்து அவையிட்டைச் சேத்துவிடுவம் எண்டு.

கௌசி: அப்ப ஏன் குடுக்கேல்லை?

அருள்நாயகம்: வானிலை ஏறிப் பத்து நிமிசம் போகேல்லை. ஓயுனா சொல்லுறாள், அங்கை மாரியிலை சைபருக்குக் கீழை நாப்பது டிகிரியாம். வழிதப்பினவனுக்கு அந்த ஒரு வீடுதான். கதவு பூட்டியிருந்தால் வாசலிலையே விறைச்சுச் செத்திடுவானாம். அதாலை ஆரும் பூட்டுறேல்லையாம். தன்ரை அப்பா அப்பிடிப் பூட்டியிருந்த ஒரு கதவடியிலைதான் விரலை இழந்தவராம். டோர்ஜ் அதைக் கேட்டுத் தலையை ஆட்டுறான். அந்த நேரத்திலை, என்ரை கையுக்குள்ளை திறப்பு. எப்பிடிச் சொல்லுவன்? நான் கை குடுத்த அந்த மனுசனுக்கு, அவன்ரை சனத்தின்ரை கதவை நான்தான் பூட்டினன் எண்டு?

கௌசி: வானைத் திருப்பச் சொல்லியிருக்கலாமே அப்பா. பத்து நிமிசம்தானே.

அருள்நாயகம்: பத்து நிமிசம் இருவது நிமிசமாச்சு. பின்னேரம் சொல்லுவம் எண்டிருந்தன். நாளைக்குச் சொல்லுவம் எண்டிருந்தன். ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கிறது, டோர்ஜின்ரை முகத்தைப் பாக்கிறது, மூடுறது. கடைசியிலை பிளேன் ஏறியாச்சு. இப்ப... ரெண்டு பேர். அந்தக் கதவடிக்கு வந்து இழுத்துப் பாத்திருப்பினம்...

கௌசி: அப்பா, அழாதேங்கோ. ப்ளீஸ். நான் வொய்ஸ் மெசேஜ் போடுறன். பூட்டிக் கிடந்ததோ எண்டு நேராக் கேக்கிறன். ஓகே? நான் அங்காலை போய்ப் பேசிப்போட்டு வாறன்.

ஜெயமலர்: இந்தாங்கோ, தண்ணி குடியுங்கோ.

அருள்நாயகம்: வேண்டாம். நான் கொலைகாரன், ஜெயம்.

ஜெயமலர்: விசர்க்கதை கதையாதேங்கோ. இஞ்சை பாருங்கோ, நான் ஒண்டு சொல்லவேணும்...

அருள்நாயகம்: ஒண்டும் சொல்லாதையும். ஆறுதல் சொல்லாதையும். என்னைத் திட்டும். அதுதான் சரி.

ஜெயமலர்: திட்டேல்லை. நான் சொல்லுறதைக் கேளுங்கோ, அண்டைக்கு நான்...

கௌசி: அப்பா, வந்திட்டுது. ஓயுனாவின்ரை பதில். வண்டியை நிப்பாட்டிப்போட்டுக் கதைக்கிறாவாம்.

அருள்நாயகம்: சொல்லு. கெதியாச் சொல்லு. உயிரோடை...?

கௌசி: பொறுங்கோ, கேட்டுக் கேட்டுச் சொல்லுறன். ...ஒரு தாயும் ஒரு சின்னப் பெட்டையுமாம். மோட்டசைக்கிள் பழுதாப் போச்சாம். புயலுக்குள்ளை தள்ளிக்கொண்டு நடந்து அந்த வீட்டைக் கண்டுபிடிச்சினமாம்.

அருள்நாயகம்: முருகா.

கௌசி: "என்ன பூட்டு? அங்கை ஒரு பூட்டும் இல்லை, எப்பவும்போலை தடிதான் செருகியிருந்தது. தடியை இழுத்துப்போட்டு உள்ளுக்குப் போய் ரெண்டு இரவு இருந்தவை. ரெண்டு பேரும் நல்ல சுகம்."

அருள்நாயகம்: இல்லை. இருக்காது. நான் என்ரை கையாலை பூட்டினனான். வேறை வீட்டைச் சொல்லுறாள்.

கௌசி: அதே வீடுதான் அப்பா. டோர்ஜின்ரை மச்சான்ரை வீடாம். இன்னும் இருக்கு, கேளுங்கோ. "உங்கடை அம்மாவுக்கு வீட்டுக்காரர் நன்றி சொல்லச் சொன்னவை. அவா கட்டிலிலை மடிச்சு வைச்சுப்போட்டு வந்த நீல ஜக்கற்றைத்தான் அந்தப் பெட்டைக்குப் போட்டு ரெண்டு இரவும் காப்பாத்தினது. இப்ப அவள் அதைக் கழட்டமாட்டன் எண்டு நிக்கிறாளாம்." ...அம்மா?

அருள்நாயகம்: ஜெயம். ஜக்கற் காம்பிலை துலைஞ்சது எண்டனீர்.

ஜெயமலர்: பொய். மன்னிச்சுக்கொள் பிள்ளை, உன்ரை முதல் சம்பளம்.

கௌசி: ஐ டோன்ற் கெயார் எபவுட் த ஜக்கற், அம்மா. பூட்டை ஆர் எடுத்தது?

ஜெயமலர்: இந்தா. ரெண்டு கிழமையா என்ரை கைப்பையுக்குள்ளை கிடக்கு.

அருள்நாயகம்: இது... இது எப்பிடி உம்மட்டை?

ஜெயமலர்: நீங்கள் பூட்டினதை நான் கண்டனான். வானடியிலை நிண்டு, ஒருக்கா ஒண்டுக்குப் பின்பக்கம் போயிட்டு வாறன் எண்டு சொன்னன். அங்கை பெண்டுகள் அப்பிடிப் போகேக்கை ஆம்பிளையள் மற்றப் பக்கம் திரும்பி நிக்கிறதுதானே வழக்கம். ஓயுனா வானுக்குள்ளை; நீங்களும் டோர்ஜும் வடிவாத் திரும்பி நிண்டியள். நான் போய்ச் சங்கிலியிலை கிடந்த திறப்பாலை திறந்தன். ஜக்கற்றைக் கட்டிலிலை வைச்சன். நீங்கள் எறிஞ்ச தடியை மண்ணுக்குள்ளை தேடி எடுத்துத் திருப்பிச் செருகிப்போட்டு வந்தன்.

அருள்நாயகம்: அப்ப... இத்தினை நாளும் எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் ஒரு கண் நித்திரை கொள்ளேல்லை.

ஜெயமலர்: தெரியும். பக்கத்திலைதானே படுத்துக் கிடந்தனான். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன். நீங்கள் சொன்னால், நானும் என்ரையைச் சொல்லலாம் எண்டு இருந்தன். பிழைதான். இவ்வளவு விட்டிருக்கக் கூடாது.

கௌசி: உங்கடை என்ன அம்மா?

ஜெயமலர்: தொண்ணூற்றஞ்சு ஒக்ரோபர். ஆமி வருகுதெண்டு யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தாலை மழைக்குள்ளை நடந்தது. என்ரை அம்மாவுக்கு முட்டு. மூச்சு இழுத்து இழுத்து உதடு நீலமாப் போச்சு. ஒரு ஒழுங்கைக்குள்ளை ஒரு வீடு, ஆக்கள் இல்லை, பூட்டிக் கிடந்தது. நான் ஒரு கல்லை எடுத்தன். மூண்டு அடி. உள்ளுக்குப் போய் அடுப்பை மூட்டி, அலுமாரியிலை கிடந்த கம்பளியாலை அம்மாவைப் போத்தினன். விடியப் போகேக்கை அவா அதோடைதான் நடந்தவா.

அருள்நாயகம்: மாமி சாகுமட்டும் போத்தியிருந்த அந்த மண்ணிறக் கம்பளியோ?

ஜெயமலர்: அதுதான். ஆற்றை வீடெண்டு தெரியாது. திருப்பிக் குடுக்க ஒரு வழியும் இல்லை. அந்தக் கூடாரத்துக்குள்ளை, ஆரோ முகம் தெரியாத எங்களுக்கு அடுப்பு அடுக்கி வைச்சிருந்ததைக் கண்டு நீங்கள் அதிசயப்பட்டு நிண்டியள். எனக்கு அந்த ஒழுங்கை வீடுதான் கண்ணுக்குள்ளை வந்தது. அங்கையாவது வைப்பம் எண்டுதான் ஜக்கற்றை வைச்சன்.

அருள்நாயகம்: கலியாணம் கட்டி இருவத்தேழு வருசம், ஜெயம். ஒருநாள்கூட என்னட்டை...

ஜெயமலர்: பூட்டை உடைக்கிறவன் மனுசப் பிறவியில்லை எண்டு நீங்கள் சொல்லேக்கை எல்லாம், பக்கத்திலை நிண்டு உங்களுக்குச் சோறு போட்டது நான்.

கௌசி: அப்பா, அம்மாவைப் பாருங்கோ.

அருள்நாயகம்: ஒரு மலையைக் கண்டு வழி பிடிச்சதுக்கே டோர்ஜுக்குக் கை குடுத்தனான்... இஞ்சை வாரும். உம்மடை கையைத் தாரும். உமக்குப் பயமா இருக்கேல்லையோ? அந்தக் காத்துக்குள்ளை, தனிய, மற்றவையின்ரை கதவிலை கைவைக்க?

ஜெயமலர்: ஊரிலை அண்டைக்குத்தான் பயம். அண்டைக்கு என்னட்டை ஒரு கல்லுத்தானே இருந்தது. இந்தமுறை திறப்பு இருந்தது.